கட்டத்துக்குள் அடங்காத கேள்வி

70-க்கும் மேற்பட்ட நாடுகள் இன்று தங்கள் அரசுச் சுகாதாரக் கணக்கை டி.எச்.ஐ.எஸ்.-2 என்ற மென்பொருளில் வைத்திருக்கின்றன. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான அந்த மென்பொருள் முதன்முதலாகக் களத்துக்கு வந்தது கேரளத்தில், 2006-ஆம் ஆண்டில். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுகாதாரத் துறையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில்தான் அது நடை பழகியது. நம் பக்கத்தில் பலருக்கும் தெரியாத செய்தி இது. இதை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் வேறொரு கேள்வி. குவிந்து கிடக்கும் தரவிடம் கேள்வி கேட்பது யார், எந்த வழியில்?

திரையில் பெட்டிகளை இழுத்துப்போட்டு வினவல் அமைப்பதா, எஸ்.க்யூ.எல். மொழியில் கையால் எழுதுவதா என்பது மென்பொருள்காரர்களுக்குள் நடக்கும் பழைய வாக்குவாதம். தொடக்கநிலையாளருக்குப் பெட்டி, தேர்ந்தவருக்குக் கை என்று சொல்லிப் பெரும்பாலும் முடித்துவிடுவார்கள். ஒரு மாநிலத்தின் சுகாதாரக் கணக்கை முன்னால் வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் போதாது என்பது தெரியும். எந்தக் கேள்வியைக் கேட்க முடியும், எதைக் கேட்கவே முடியாது என்பதைக் கருவி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. கேட்க முடியாத கேள்வி காலப்போக்கில் யாருக்கும் தோன்றாத கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இந்த மென்பொருளின் கதை தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது, துண்டு துண்டாகக் கிடந்த சுகாதார நிர்வாகத்தை மாவட்ட அளவில் ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. ஆஸ்லோவின் யோர்ன் பிரா போன்றவர்கள் உள்ளூர் ஆர்வலர்களோடு சேர்ந்து மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருளை உருவாக்கினார்கள். அதன் முதல் பதிப்பு மைக்ரோசாஃப்ட் ஆக்ஸெஸின் மேல் கட்டப்பட்டது. எண்களை உள்ளிட ஆக்ஸெஸ், அலசிப் பார்க்க எக்ஸெலின் பிவட் டேபிள். 2000-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவுக்கு வந்தபோது அது இறங்கிய இடம் ஆந்திரத்தின் குப்பம், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய ஊர். அங்கிருந்து கேரளத்துக்கு வந்தபோது சூழல் வேறாக இருந்தது. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். பள்ளிக்கூடங்கள் வரை லினக்ஸ் நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மாநிலம் அது. விண்டோஸையும் ஆக்ஸெஸையும் விட்டுப் பிரியாத ஒரு மென்பொருளுக்கு அங்கே வரவேற்பு இல்லை. ஜாவாவில் புதிதாக எழுதப்பட்டு, உலாவியில் இயங்கும் இரண்டாம் பதிப்பான டி.எச்.ஐ.எஸ்.-2 அங்கே முதலில் வேரூன்றியதற்கு இந்தக் கொள்கைச் சூழல் பெரிய காரணம்.

கொள்கை அளவில் இது சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஆனால் ஆக்ஸெஸை விட்டு வந்தபோது ஒரு நல்ல பொருளும் கைவிட்டுப் போனது. அதைப் புரிந்துகொள்ள இன்னும் முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

தரவை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் முன்வைத்தார். அதே நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் ஒரு வினவல் மொழியை அறிவித்தார்கள். இன்றைய எஸ்.க்யூ.எல். அதன் வாரிசு. மறு ஆண்டே, அமெரிக்காவின் மறுகரையில் யார்க்டவுன் ஹைட்ஸில் இருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தின் மோஷே ஸ்லூஃப், எழுத்தே வேண்டாம் என்ற வழியைக் காட்டினார். வெற்று அட்டவணையைத் திரையில் கொண்டுவா, வேண்டிய பத்தியின் கீழ் ஓர் எடுத்துக்காட்டை நிரப்பு, கணினி அதே மாதிரியான வரிசைகளைத் தேடித் தரும் என்பது அவர் வழி. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகப் பயிற்சி கொடுத்தாலே ஓரளவு சிக்கலான வினவல்களை அமைத்துவிடுகிறார்கள் என்று சோதனைகள் காட்டியதாக ஸ்லூஃப் 1977-இல் எழுதினார். ஆக, கையால் எழுதும் வினவலும் கட்ட வினவலும் ஒரே நிறுவனத்தில், ஓராண்டு இடைவெளியில் பிறந்தவை. 1992-இல் வந்த ஆக்ஸெஸ் ஸ்லூஃபின் கட்டத்தை அலுவலக மேசைகளுக்குக் கொண்டுசேர்த்தது.

அந்த ஆக்ஸெஸ் கட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மேலே அட்டவணைகள் பெட்டிகளாக நிற்கும். அவற்றை இணைக்கும் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். கீழே பத்திகள், வரிசைப்படுத்தல், நிபந்தனை. ஒரு மெனுவைச் சொடுக்கினால் அதே வினவல் எஸ்.க்யூ.எல். வரிகளாக மாறி நிற்கும். வரிகளில் ஒரு சொல்லை மாற்றிவிட்டுத் திரும்பினால் கட்டமும் மாறியிருக்கும். மாவட்ட அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் ஓர் ஊழியர், கட்டத்தில் தொடங்கி, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்து, மெல்ல மெல்லக் கையால் எழுதப் பழகிக்கொள்ள அதில் வழி இருந்தது. கட்டத்தின் எல்லையும் அதில் ஒளிந்திருக்கவில்லை. இரு வினவல்களின் விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் வினவலைக் கட்டத்தில் வரைய முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். ஓர் அட்டவணையில் இருந்து மற்றதில் இல்லாதவற்றைக் கண்டுபிடிக்கவென்றே தனியாக ஒரு வழிகாட்டியை மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது. ‘இல்லாததை’க் கேட்பது மனிதர்களுக்குக் கடினம் என்பதை அந்த நிறுவனம் அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

டி.எச்.ஐ.எஸ்.-2 தரும் பிவட் டேபிள் வேறு வகை. அதில் அட்டவணைகளே கண்ணில் படுவதில்லை. என்ன, எப்போது, எங்கே என்ற மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும். தடுப்பூசி எண்ணிக்கை, கடந்த 12 மாதங்கள், நெடுமங்காடு வட்டத்தின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று தேர்ந்தெடுத்தால் சில நொடிகளில் அட்டவணை வந்துவிடும். மாவட்டத்தைச் சொடுக்கினால் வட்டம், வட்டத்தைச் சொடுக்கினால் நிலையம் என்று உள்ளே இறங்கலாம். அமைத்ததைச் சேமித்து வைத்தால் அடுத்த மாதம் திறக்கும்போது புதிய மாதம் தானாகச் சேர்ந்திருக்கும். மாதாந்திரக் கூட்டத்துக்குப் போகும் மருத்துவ அதிகாரிக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. கையால் எழுதுவோர் சங்கம் என்று ஒன்று இருந்தால் அதில் சேரத் தயங்கமாட்டேன். இருந்தாலும் இந்த வேலைக்கு எஸ்.க்யூ.எல். எழுதச் சொல்வது ஊழியரின் நேரத்தை வீணாக்குவது என்றுதான் சொல்வேன்.

நேரம் மட்டுமல்ல, கையால் எழுதுபவர் பிழையும் செய்வார். அந்த மென்பொருளின் அடித்தளத்தில் ‘டேட்டாவேல்யூ’ என்று ஓர் அட்டவணை இருக்கிறது. மொத்தச் சுகாதாரக் கணக்கும் அதில்தான் கிடக்கிறது. ஒரு வரிசை என்றால் எந்தத் தரவு, எந்தக் காலம், எந்த நிலையம், எந்த உட்பிரிவு, அதற்குரிய மதிப்பு. பிரசவமும் மலேரியாவும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரே பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அந்த மதிப்புப் பத்தி எண்ணாக இல்லை, எழுத்தாகச் சேமிக்கப்படுகிறது. அதை எண்ணாக மாற்றாமல் வரிசைப்படுத்தினால் 9-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். அதே அட்டவணையில் ‘டெலிட்டட்’ என்று ஒரு பத்தி உண்டு. திரையில் ஒருவர் அழித்த எண் உண்மையில் அழிவதில்லை, அந்தப் பத்தியில் ஒரு குறி மட்டும் விழுகிறது. இதை அறியாமல் வினவல் எழுதுபவர் அழிக்கப்பட்ட எண்களையும் சேர்த்துக் கூட்டிவிடுவார். விடை வரும், பிழைச் செய்தி எதுவும் வராது.

சதவீதம் இன்னொரு குழி. ஐந்து குழந்தைகளில் ஐவருக்கும் தடுப்பூசி போட்ட ஒரு துணை நிலையமும், ஐந்நூறில் இருநூறு பேருக்குப் போட்ட ஒரு நிலையமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறையும் நாற்பதையும் சராசரி எடுத்து எழுபது சதவீதம் என்று எழுதுவது கைவினவலில் அடிக்கடி நேரும் பிழை. பிவட் டேபிள் தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டிய பிறகே வகுக்கிறது. 205-ஐ 505-ஆல் வகுத்தால் நாற்பத்தொன்றுக்குக் கீழே. எழுபதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் இருப்பது தடுப்பூசி போடாத குழந்தைகள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும்.

பூஜ்யம் என்பதைப் பாருங்கள். ஒரு துணை நிலையம் இந்த மாதம் வயிற்றுப்போக்கு நோயாளி ஒருவரும் இல்லை என்று பூஜ்யம் எழுதுகிறது. இன்னொரு நிலையம் எதுவுமே எழுதவில்லை. டி.எச்.ஐ.எஸ்.-2-இல் ஒரு தரவுக்குப் பூஜ்யத்தைச் சேமிக்கச் சொல்லித் தனியே குறித்திருந்தால் ஒழிய அந்தப் பூஜ்யம் அட்டவணையில் ஏறுவதில்லை. கோடிக்கணக்கான பூஜ்யங்களைச் சேமித்து வைத்தால் தரவுத்தளம் வீங்கும் என்பதால் செய்த ஏற்பாடு அது. விளைவாக, பிவட் டேபிளில் இரண்டு நிலையங்களும் வெற்றுக் கட்டங்களாகவே தெரியும். ஒன்று நல்ல செய்தி, மற்றது செய்தியே இல்லாத நிலை. படிவம் முடிந்தது என்று பொத்தானை அழுத்தியவர்களின் பதிவு வேறோர் அட்டவணையில் இருக்கிறது. அதிலிருந்து நிலையம் வாரியாக அறிக்கை விகிதத்தைக் கருவி எடுத்துக் கொடுக்கும். ஆனால் ‘படிவத்தை முடித்திருக்கிறார்கள், அதில் இந்த நோய் மட்டும் ஆறு மாதமாக வரவே இல்லை, அப்படிப்பட்ட நிலையங்கள் எவை’ என்று ஒரே மூச்சில் கேட்கப் பெட்டி இல்லை. இரண்டு அறிக்கைகளை அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் தேட வேண்டும். எஸ்.க்யூ.எல்.-இல் இதை ஒரு பத்து வரிக்குள் எழுதிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. என்னைப் பொறுத்தவரை சுகாதாரக் கணக்கில் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வி அதுதான். போன மாத எண்களை அப்படியே இந்த மாதமும் எழுதிய நிலையங்கள் எவை? ஏப்ரலில் 12, 9, 31 என்று கொடுத்த நிலையம் மே மாதமும் 12, 9, 31 என்று கொடுத்தால், ஒன்று வியப்பான தற்செயல், அல்லது வேலைப்பளுவில் பழைய படிவத்தைப் பார்த்து எழுதியது. களத்தில் ஓடும் இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியரைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. எந்த நிலையத்துக்கு ஆள் போதவில்லை, எங்கே படிவங்கள் அளவுக்கு மீறிவிட்டன என்பதைக் காட்டும் அடையாளம் இது.

இந்த வினவலுக்கு ‘டேட்டாவேல்யூ’ அட்டவணையை அதனோடேயே இணைக்க வேண்டும். ஒரே அட்டவணையை இரு பெயர்களில் அழைத்து, ஒன்றை இந்த மாதமாகவும் மற்றதைப் போன மாதமாகவும் வைத்துக்கொள்கிறோம். நிலையம் ஒன்றாக இருக்க வேண்டும், தரவு ஒன்றாக இருக்க வேண்டும், உட்பிரிவு ஒன்றாக இருக்க வேண்டும், மாதம் மட்டும் ஒன்று தள்ளியிருக்க வேண்டும், மதிப்பு சமமாக இருக்க வேண்டும். அப்படிப் பொருந்திய வரிசைகளை நிலையம் வாரியாக எண்ணி, பத்துக்கு மேல் உள்ளவற்றை மேலே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். ஆக்ஸெஸ் கட்டத்தில்கூட ஒரே அட்டவணையை இருமுறை இழுத்துப்போட்டு இதைச் செய்திருக்கலாம், ஏனென்றால் அங்கே அட்டவணை கண்ணுக்குத் தெரிந்தது. என்ன, எப்போது, எங்கே என்று மட்டும் கேட்கும் பிவட் டேபிளில் ‘எதோடு எது ஒத்துப்போகிறது’ என்பதற்கு இடமே இல்லை. கட்டம், கை என்று இரண்டாக மட்டும் பிரித்துப் பேசுவது இதனால்தான் தவறு என்கிறேன். அட்டவணையைக் காட்டும் கட்டம் வேறு, அதை மறைக்கும் கட்டம் வேறு.

‘எல்லாம்’, ‘எதுவும் இல்லை’ என்ற இரு சொற்கள் எந்தக் கருவியிலும் மனிதர்களைத் தடுமாற வைக்கின்றன. ஸ்லூஃபின் கட்டத்தை 1975-லேயே சோதித்துப் பார்த்த ஐ.பி.எம். உளவியலாளர்கள் ஜான் தாமஸும் ஜான் கூல்டும் இந்தத் தடுமாற்றத்தை அன்றே பதிவு செய்தார்கள். எஸ்.க்யூ.எல். எழுதுபவரும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார். வேறுபாடு என்னவென்றால், எழுதிய வரிகளை இன்னொருவர் படித்துப் பிழையைக் காட்ட முடியும். எந்தெந்தப் பெட்டியைச் சொடுக்கினோம் என்பதை அடுத்த மாதம் நினைவில் வைத்திருப்பவர் யாருமில்லை.

டி.எச்.ஐ.எஸ்.-2-க்குள்ளேயே எஸ்.க்யூ.எல். எழுத ஒரு வாசல் உண்டு. ‘எஸ்.க்யூ.எல். வியூ’ என்று பெயர். செலக்ட் என்றோ வித் என்றோ தொடங்கும் வினவலை மட்டும் அது ஏற்கும், எதையும் மாற்றவோ அழிக்கவோ விடாது. கடவுச்சொல் போன்றவை உள்ள அட்டவணைகளைத் தொடவும் விடாது. இருந்தாலும் அந்த வாசல் நிர்வாகிக்கு மட்டுமே திறக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. பிவட் டேபிளில் ஒருவர் தன் வட்டத்துக்கு வெளியே பார்க்க முடியாதபடி தடுப்பு உண்டு. கையால் எழுதும் வினவல் அந்தத் தடுப்பைத் தாண்டிவிடும். தனிநபர் விவரங்களும் அதே தரவுத்தளத்தில் இருக்கும்போது, ஒரு கிராமத்துக் கர்ப்பிணியின் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு வேறெங்கோ உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படக் கூடாது. கனமான வினவல் ஒன்று ஓடினால், அதே நேரத்தில் தரவு உள்ளிடும் ஆயிரம் பேரின் திரை உறைந்து நிற்கவும் கூடும்.

இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் வாசலைப் பூட்டியதால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எந்த எண் சந்தேகத்துக்குரியது என்று களத்தில் இருப்பவருக்குத் தெரியும். அட்டவணை எப்படி இருக்கிறது என்று தலைநகரில் உள்ள நிரலருக்குத் தெரியும். கேள்வி ஒருவரிடம், அதைக் கேட்கும் வழி இன்னொருவரிடம். நடுவில் கடிதமும் அனுமதியும். இதில் வருத்தம் தரும் விஷயம், டி.எச்.ஐ.எஸ்.-2-இன் மூல நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். ஆனால் மாவட்ட ஊழியர் தான் எடுத்த அட்டவணைக்குப் பின்னால் ஓடிய வினவலைத் தன் திரையில் பார்க்க வழியில்லை. மூடிய மென்பொருளான ஆக்ஸெஸ் அதைக் காட்டியது.

கேரளத்தில் இதை எழுத ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி மன்றம் வெளியிடும் ப்ளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் எட்டாம் பாடம் தரவுத்தளம், ஒன்பதாம் பாடம் எஸ்.க்யூ.எல். மாணவர்கள் கட்டம் எதுவும் இல்லாத மைஎஸ்க்யூஎல் கருப்புத் திரையில், செலக்ட், ஃப்ரம், வேர் என்று தட்டச்சு செய்தே கற்கிறார்கள். எட்கர் காட்டின் உறவு இயற்கணிதம்கூடப் பாடத்தில் உண்டு. தமிழ்நாட்டின் 12-ஆம் வகுப்பு நூலிலும் எஸ்.க்யூ.எல். இருக்கிறது, தமிழிலேயே படிக்கலாம். பதினேழு வயதில் கற்றுக்கொண்டதை முப்பது வயதில் அரசு அலுவலகத்தில் பயன்படுத்த இடம் இல்லாமல் செய்துவிட்டு, புள்ளிவிவர ஊழியருக்குச் சொடுக்க மட்டுமே பயிற்சி தருகிறோம்.

உள்ளூரில் கை பழகியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2020 ஜனவரியில், கொரோனா தொற்று இலங்கைக்குள் பரவும் முன்பே, விமான நிலையத்தில் இறங்குவோரைப் பதிவு செய்து கண்காணிக்க இலங்கைக் குழுவே டி.எச்.ஐ.எஸ்.-2-இல் ஓர் அமைப்பை உருவாக்கியது. பின்னர் அது பல நாடுகளுக்குப் போனது. மென்பொருள் பிறந்த நார்வேயின் நகராட்சிகள்கூடத் தொற்றுத் தொடர்பறிய டி.எச்.ஐ.எஸ்.-2-ஐ எடுத்துக்கொண்டன. வெளிநாட்டிலிருந்து யாரோ வந்து செய்து தரட்டும் என்று இலங்கை காத்திருக்கவில்லை.

இப்போது பேச்சுவழக்கில் கேட்டாலே வினவலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. கட்டமும் வேண்டாம், கையும் வேண்டாம் என்கிறார்கள். ‘டெலிட்டட்’ பத்தியைப் பற்றி அந்தக் கருவியிடம் யாரும் சொல்லாவிட்டால் அதுவும் அழிந்த எண்ணைக் கூட்டத்தான் செய்யும். எழுதுவதை இயந்திரத்திடம் விடலாம், படித்துச் சரிபார்க்க ஒருவர் இருந்தாக வேண்டும்.

கேரளச் சுகாதாரத் துறைக்கும், அதைப் போலத் தரவு சேர்க்கும் தமிழ்நாட்டுத் துறைகளுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. வழக்கமான மாத அறிக்கைக்குப் பெட்டிகள் இருக்கட்டும். பெயர், முகவரி நீக்கிய தரவின் நகல் ஒன்றைத் தனிக் கணினியில் வைத்து, படிக்க மட்டும் உரிமை கொடுத்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஒரு புள்ளிவிவர ஊழியருக்குத் திறந்துவிடுங்கள். அவர் எழுதும் வினவல்களை எல்லா மாவட்டங்களும் பார்க்கும் இடத்தில் சேமித்து வையுங்கள். வெளியிடும் ஒவ்வோர் அட்டவணையின் கீழும், அது எந்த வினவலிலிருந்து வந்தது என்பதையும் அச்சிடுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் ப்ளஸ் டூ வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள்.